தொலைக்காட்சித் தையல் போட்டிகளில் எதைப் பார்ப்பது?

தையலில் ஆர்வமுள்ளவர்கள், அதிலும் புதிதாக மெஷின் வாங்கி நேர்த்தையல் பழகிக்கொண்டிருப்பவர்கள், தொலைக்காட்சித் தையல் போட்டிகளில் எதைப் பார்க்கலாம் என்று கேட்கும்போது ஒற்றை வரியில் விடை சொல்லிவிட முடிவதில்லை. வெளியிலிருந்து பார்க்க ஒரே வகையாகத் தோன்றும் இந்நிகழ்ச்சிகள் வெவ்வேறு நோக்கங்களோடு எடுக்கப்பட்டவை. ஒன்றில் தையலே போட்டி, இன்னொன்றில் வடிவமைப்பு போட்டி, வேறொன்றில் ஆடை நிறுவனம் நடத்தும் சாமர்த்தியம் போட்டி. ஒரு தொடரை முழுதாகப் பார்த்து முடிக்க எட்டு மணி நேரமோ பத்து மணி நேரமோ ஆகும் என்பதால், அலுவலகமும் அடுப்படியும் போக மிஞ்சும் மாலைப் பொழுதை எதற்குக் கொடுப்பது என்று முன்கூட்டியே யோசிப்பது நியாயமானதுதான்.

நம் முன்னால் இருப்பவை பெரும்பாலும் இவை: பிரிட்டனில் பிபிசி 2013 முதல் ஒளிபரப்பி வரும் ‘தி கிரேட் பிரிட்டிஷ் சோயிங் பீ’, அமெரிக்காவில் 2004 டிசம்பரில் தொடங்கி இருபது பருவங்களைத் தாண்டிவிட்ட ‘புராஜெக்ட் ரன்வே’, 2020இல் இணையத் தளங்கள் வெளியிட்ட ‘மேக்கிங் தி கட்’, ‘நெக்ஸ்ட் இன் ஃபேஷன்’ என்ற இரண்டு, பிரிட்டிஷ் வடிவத்தை வாங்கித் தத்தம் மொழியில் எடுத்த ஐரோப்பிய நிகழ்ச்சிகள் சில. இவற்றை ஒப்பிடும்போது நான் முதலில் பார்ப்பது, தையல் எந்த அளவுக்குக் கண்ணில் படுகிறது என்பதை. பரிசுத் தொகை, தொகுப்பாளரின் புகழ், அரங்கின் பகட்டு எல்லாம் அதற்குப் பின்னால்தான். ஊசி துணிக்குள் இறங்கும் இடத்தைக் காட்டாத தையல் நிகழ்ச்சி எவ்வளவு விறுவிறுப்பாக இருந்தாலும், தைப்பவருக்கு அதனால் பெரிய பயன் இல்லை என்பது என் உறுதியான எண்ணம்.

அந்த வகையில் ‘சோயிங் பீ’ தனித்து நிற்கிறது. கேக் செய்யும் போட்டியை 2010இல் தொடங்கிப் புகழ்பெற்ற லவ் புரொடக்‌ஷன்ஸ் நிறுவனம்தான் இதையும் உருவாக்கியது. ஆனாலும் இரண்டுக்கும் இடையே பார்வையாளர் நிற்கும் இடம் முற்றிலும் வேறு. சமையல் போட்டியில் நடுவர் வாயில் போட்டுக்கொண்டு நன்றாக இருக்கிறது என்றால் நம்பித்தான் ஆக வேண்டும். தையலில் அந்தக் கட்டாயம் இல்லை. தோள்பட்டையில் தையல் இழுத்துக்கொண்டிருப்பதும், ஜிப்பின் இருபுறமும் கட்டங்கள் ஒன்றோடொன்று பொருந்தாமல் ஏறி இறங்கி நிற்பதும், பாவாடையின் கீழ்விளிம்பு ஒரு பக்கம் தொங்குவதும் நடுவர் கண்ணுக்குத் தெரிவது போலவே நம் கண்ணுக்கும் தெரிகின்றன. நடுவர் வாய் திறப்பதற்கு முன்பே வீட்டில் உட்கார்ந்திருப்பவர் தீர்ப்பைச் சொல்லிவிடலாம். தையல் போட்டியின் ஈர்ப்புக்கு ஆழமான காரணம் இதுதான் என்று கருதுகிறேன்.

நிகழ்ச்சியின் ஒவ்வொரு வாரமும் மூன்று பணிகளால் ஆனது. முதலாவதில் எல்லோருக்கும் ஒரே பேட்டர்ன், அதாவது துணியை வெட்டுவதற்கான அச்சிட்ட காகித வடிவம், தரப்படும். துணியை மட்டும் அங்கேயே இருக்கும் துணி அடுக்குகளிலிருந்து அவரவர் தேர்ந்துகொள்ள வேண்டும். இரண்டாவதில் பழைய உடைகளையோ திரைச்சீலை போன்ற வீட்டுத் துணிகளையோ கொடுத்து, ஒன்றரை மணி நேரத்தில் அவற்றை வேறோர் உடையாக மாற்றச் சொல்வார்கள். மூன்றாவதில் உயிருள்ள மாடல் ஒருவரின் உடலளவுக்கேற்ப ஓர் உடையை முழுதாகத் தைத்து முடிக்க வேண்டும். மூன்றும் முடிந்தபின், அந்த வாரத்தின் சிறந்த உடை எது, வெளியேறுபவர் யார் என்று நடுவர்கள் அறிவிக்கிறார்கள்.

இவற்றில் முதல் பணியே நிகழ்ச்சியின் முதுகெலும்பு. எல்லோரும் ஒரே காகிதத்தை வைத்து ஒரே உடையைத் தைக்கும்போது, வேறுபாடு முழுக்க முழுக்கக் கைத்திறனில்தான் வெளிப்படுகிறது. உடையில் கை பொருத்துவதை எடுத்துக்கொள்ளலாம். கைத்துணியின் மேல்வளைவு, அது போய்ச் சேர வேண்டிய கைக்குழியின் சுற்றளவைவிடச் சற்றே கூடுதலாக வெட்டப்பட்டிருக்கும். அந்தக் கூடுதல் இருந்தால்தான் தோளின் உருண்டைக்கு இடம் கிடைக்கும். அதை மடிப்பு விழாமலும் சுருக்கம் தெரியாமலும் உள்ளே அடக்கியாக வேண்டும். வளைவின் விளிம்பில் நீளத் தையலாக இரண்டு வரிசை ஓட்டி, நூல் முனையை மெல்ல இழுத்து, கூடுதல் துணியை விரல்களால் சமமாகப் பரப்பி, நெருக்கமாகக் குண்டூசி குத்தி, பிறகு அவசரப்படாமல் மெஷினில் விட வேண்டும். பேட்டர்னில் கையின் முன்பக்கத்துக்கு ஒரு வெட்டுக்குறியும் பின்பக்கத்துக்கு இரண்டு வெட்டுக்குறிகளும் இருக்கும். பதற்றத்தில் அதைக் கவனிக்காமல் இடது கையை வலது பக்கம் வைத்துத் தைத்துவிட்டால், தையலைப் பிரிக்கும் கருவியை எடுத்து முழு வளைவையும் பிரித்தாக வேண்டும். கடிகாரம் ஓடிக்கொண்டிருக்க, ஒருவர் நூலை அதிகமாக இழுத்துத் தோளில் பொம்மைச் சட்டை போலச் சுருக்கம் விழவைப்பதையும், அடுத்த மேசைக்காரர் அதே வளைவை ஒரு சுளிவும் இல்லாமல் முடிப்பதையும் அடுத்தடுத்துப் பார்க்கும்போது கிடைக்கும் பாடம், தனியாக ஒருவர் செய்துகாட்டும் பயிற்சிக் காணொளியில் கிடைப்பதில்லை. சரியாகச் செய்வது எப்படி என்பதோடு, எந்த இடத்தில் தவறும், தவறினால் எப்படித் தெரியும் என்பதும் அங்கே ஒருசேரக் கண்ணில் படுகின்றன.

துணித் தேர்வும் அப்படித்தான். வெல்வெட்டை ஒரு திசையில் தடவினால் வழுவழுப்பாகவும் எதிர்த்திசையில் தடவினால் சொரசொரப்பாகவும் இருக்கும். எல்லாத் துண்டுகளையும் ஒரே திசையில் வைத்து வெட்டாமல் துணியை மிச்சப்படுத்தலாம் என்று ஒன்றைத் தலைகீழாக வைத்துவிட்டால், தைத்து மாட்டிய பிறகு ஒரே உடை இரண்டு நிறமாகத் தெரியும். கட்டம் போட்ட துணியை எடுப்பவர் ஒவ்வொரு மூட்டிலும் கட்டத்தைக் கட்டத்தோடு சேர்க்கும் வேலையைத் தானாகவே இழுத்துவிட்டுக்கொள்கிறார். துணி அடுக்கின் முன்னால் நிற்கும் அந்தச் சில நிமிடங்களிலேயே அந்த வாரத்தின் தலைவிதி பாதி முடிவாகிவிடுவதைப் பார்த்துப் பழகியவர், அடுத்த முறை துணிக்கடைக்குப் போகும்போது நிறத்தோடு சேர்த்து, துணி நழுவுமா, இழுபடுமா, ஓரம் பிரியுமா என்றும் தொட்டுப் பார்ப்பார்.

நம்மூர்க்காரர்களுக்கு இந்த முதல் பணி ஆரம்பத்தில் கொஞ்சம் அந்நியமாகத் தோன்றும். இங்கே அளவு ஜாக்கெட் ஒன்றைக் கொடுத்தாலோ டேப்பில் அளந்தாலோ, பழகிய டெய்லர் துணியின் மேலேயே சாக்பீஸால் வரைந்து நேராக வெட்டிவிடுகிறார். தயாராக அச்சிட்ட காகித பேட்டர்னை விரித்து, அதன் குறிப்புகளை வரிவரியாகப் படித்து, துண்டு துண்டாகச் சேர்க்கும் முறை இங்கே பரவலாக இல்லை. அதனால் அந்தப் பணியை நாம் கற்கத் தேவையில்லை என்று நினைத்துவிடக் கூடாது. உடல்வளைவுக்கேற்பத் துணியை மடித்துத் தைக்கும் டார்ட் பிடிப்பது, லைனிங் கொடுப்பது, கழுத்துக்குக் கிராஸ் பீஸ் என்ற குறுக்காக வெட்டிய துணிப்பட்டை வைத்துத் திருப்புவது ஆகியவற்றின் உள்காரணம், பேட்டர்னைத் துண்டு துண்டாகப் பார்க்கும்போதுதான் தெளிவாகப் புரிகிறது.

நடுவர்கள் பேசும் விதமும் எனக்கு இந்த நிகழ்ச்சியை முன்னிறுத்தத் தோன்றுவதற்கு ஒரு காரணம். முதல் மூன்று தொடர்களில் நடுவராக இருந்த மே மார்ட்டின், பெண்கள் அமைப்பு ஒன்றின் கல்லூரியில் ஆண்டுக்கணக்கில் தையல் கற்பித்தவர். 2016இல் அவருக்குப் பதிலாக வந்த எஸ்மி யங், 1970களில் லண்டன் கேம்டனில் தோழியரோடு சேர்ந்து ‘ஸ்வாங்கி மோட்ஸ்’ என்ற உடைக்கடையை நடத்தியவர்; திரைப்படங்களுக்கு உடை தைத்தவர்; சென்ட்ரல் செயின்ட் மார்ட்டின்ஸ் கலைக்கல்லூரியில் பேட்டர்ன் வெட்டுவதைக் கற்பிப்பவர். தொடக்கத்திலிருந்தே உடனிருக்கும் பேட்ரிக் கிராண்ட், ஆண்களுக்கான கைத்தையலுக்குப் பெயர்போன சாவில் ரோ தெருவின் நார்ட்டன் அண்ட் சன்ஸ் கடையை 2005இல் வாங்கி நடத்தியவர்; பிறகு 2016இல் ‘கம்யூனிட்டி க்ளோதிங்’ என்ற பெயரில் பிரிட்டனிலேயே உடை உற்பத்தி செய்யும் நிறுவனம் ஒன்றையும் தொடங்கினார். இவர்கள் உடையை எட்ட நின்று ரசிப்பதில்லை. ஓரத்தைப் புரட்டி உட்பக்கம் எப்படி முடிக்கப்பட்டிருக்கிறது என்று பார்க்கிறார்கள், ஜிப்பின் மேல் விரலை ஓட்டிப் பார்க்கிறார்கள், மாடலை நடக்கச் சொல்லி முதுகில் துணி எங்கே தேங்குகிறது என்று கவனிக்கிறார்கள். குறை சொல்லும்போது குறையின் காரணத்தையும் சேர்த்துச் சொல்கிறார்கள். மார்பு டார்ட் ஒரு அங்குலம் மேலே ஏறிவிட்டது, அதனால்தான் இங்கே இழுக்கிறது என்று ஒரு நடுவர் சொல்லும் வாக்கியம், தைப்பவருக்கு ஒரு வகுப்புக்குச் சமம்.

போட்டியாளர்கள் எல்லோரும் தையலைத் தொழிலாகக் கொள்ளாமல் வீட்டில் தைப்பவர்கள். 2013ஆம் ஆண்டின் முதல் தொடரில் எட்டுப் பேர் கலந்துகொண்டார்கள். வென்றவர் ஆன் ரவுலி என்ற 81 வயதுப் பெண்மணி. நான்கு வாரம் மட்டுமே ஓடிய அந்தச் சிறிய தொடரில், இளையவர்கள் பதறி ஓடும்போது அவர் துணியைப் பதமாக இஸ்திரி போட்டுவிட்டு நிதானமாக அடுத்த தையலுக்குப் போவதைப் பார்ப்பது இன்றும் மனத்துக்கு நிறைவு தரும் காட்சி. 2020இல் வென்ற கிளேர் பிராட்லி மருத்துவமனை மருத்துவர். 2023இல் வென்ற அஸ்மா அல்-அல்லாக் அறுவை சிகிச்சை நிபுணர். 2015ஆம் ஆண்டின் தொடரில் ராணுவ அதிகாரி ஒருவர் இறுதிச் சுற்று வரை வந்தார். இவர்கள் போட்டியிடுவது பணத்துக்காக இல்லை, ஏனெனில் இந்த நிகழ்ச்சியில் ரொக்கப் பரிசு கிடையாது. வெற்றியாளருக்குக் கிடைப்பது ஒரு கோப்பை மட்டுமே. நேரம் முடியப் போகும் வேளையில், தன் வேலையை முடித்துவிட்ட ஒருவர் பக்கத்து மேசைக்குப் போய்ப் பட்டன் தைத்துக் கொடுப்பதோ, குண்டூசி எடுத்துக் கொடுப்பதோ இங்கே இயல்பாக நடப்பதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்க வேண்டும்.

2020 ஏப்ரலில் ஆறாவது தொடர் ஒளிபரப்பானபோது பிரிட்டன் பொதுமுடக்கத்தில் இருந்தது. முன்பே படம்பிடித்து முடிக்கப்பட்டிருந்த அந்தத் தொடரை வீட்டுக்குள் அடைபட்டிருந்தவர்கள் பார்த்தார்கள். பரணில் கிடந்த மெஷின்கள் இறக்கப்பட்டன. மருத்துவமனை ஊழியர்களுக்கான உடைகளையும் முகக்கவசங்களையும் வீடுகளில் தைத்துக் கொடுத்தவர்கள் ஏராளம். முகக்கவசம் தைக்கும் தன்னார்வ இயக்கம் ஒன்றுக்குப் பேட்ரிக் கிராண்டே முன்னின்றார். பார்ப்பவரைத் தைக்கவைக்கும் ஆற்றல் இந்த நிகழ்ச்சிக்கு உண்டு என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

இத்தனை சொன்ன பிறகும் அதன் குறைகளை மறைத்துப் பயனில்லை. பெரிய குறை நேரம். சாவில் ரோ தையற்காரர்களின் சங்கம், ஒரு கோட்டும் கால்சட்டையும் சேர்ந்த சூட்டுக்குக் குறைந்தது 50 மணி நேரக் கைவேலை தேவை என்று வரையறுத்திருக்கிறது. அந்தத் தெருவிலிருந்து வந்த பேட்ரிக் கிராண்டின் முன்னால், ஒரு கோட்டை ஐந்தாறு மணி நேரத்தில் தைத்து வைக்கச் சொல்கிறார்கள். பொறுமையாகத் தைத்தால் அருமையாகத் தைக்கக்கூடிய ஒருவர், வேகம் போதாததால் கீழ்விளிம்பை அடிக்காமலேயே உடையை மாட்டிவிட்டு நிற்கும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் வருத்தமாகவே இருக்கிறது. இரண்டாவது பணி இன்னும் பலவீனமானது. பழையதை மாற்றித் தைப்பது நல்ல பழக்கம் என்பதிலும், மறுபயன்பாட்டுக்கென்றே ஒரு வாரம் ஒதுக்குவது பாராட்டத்தக்கது என்பதிலும் ஐயமில்லை; ஆனால் ஒன்றரை மணி நேரத்தில் பிறக்கும் அந்த உடைகளில் பல, ஒரு முறை துவைத்தால் தையல் விட்டுவிடும் என்று பார்க்கும்போதே தெரிகிறது. கண்ணுக்கு விருந்தாகவும் கற்பனைக்குத் தூண்டுதலாகவும் அதை எடுத்துக்கொள்ளலாம், தையலுக்குப் பாடமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மேலும் இது பயிற்சி வகுப்பு இல்லை. கேமரா பன்னிரண்டு மேசைகளுக்கு இடையே தாவுவதால், எந்த ஒரு வேலையும் தொடக்கத்திலிருந்து முடிவு வரை முழுதாகக் காட்டப்படுவதில்லை. நிகழ்ச்சியையொட்டி பேட்டர்ன்களோடு வெளிவந்த புத்தகங்கள் அந்தக் குறையை ஓரளவு ஈடுசெய்கின்றன.

‘புராஜெக்ட் ரன்வே’ இதிலிருந்து எல்லா வகையிலும் மாறுபட்டது. அங்கே வருபவர்கள் வடிவமைப்பைத் தொழிலாகக் கொண்டவர்கள் அல்லது கொள்ள விரும்புபவர்கள். 2004இல் ஒளிபரப்பான முதல் பகுதியிலேயே போட்டியாளர்களை மளிகைக் கடைக்கு அனுப்பி, 50 டாலருக்குள் வாங்கிய பொருள்களால் ஓர் உடையை உருவாக்கச் சொன்னார்கள். ஆஸ்டின் ஸ்கார்லெட் என்ற இளைஞர் மக்காச்சோளத் தோகைகளை வைத்து உருவாக்கிய உடை அந்தச் சுற்றில் வென்றது. இருபது ஆண்டுகள் கழிந்தும் பேசப்படும் அந்த உடையைப் பார்த்தால், இந்த நிகழ்ச்சி எதை மதிக்கிறது என்பது உடனே விளங்கிவிடும். தையல் எப்படி இருக்கிறது என்பதைவிட, இப்படி ஒன்றை யாராவது நினைத்துப் பார்த்திருப்பார்களா என்பதே அங்கே பெரிய கேள்வி.

அதன் பலம், உடையை ஒரு கருத்தாகப் பார்க்கக் கற்றுக்கொடுப்பது. பார்சன்ஸ் வடிவமைப்புக் கல்லூரியில் துறைத் தலைவராக இருந்த டிம் கன், வேலை நடக்கும் அறைக்குள் வந்து ஒவ்வொருவரிடமும் நின்று பேசும் பகுதி எனக்கு எப்போதும் பிடித்தமானது. அவர் செய்ய வேண்டியதைச் சொல்வதில்லை, கேள்வி கேட்கிறார். இந்த இடுப்புப் பட்டி எதற்கு, இந்த இரண்டு துணிகளும் ஒன்றோடொன்று பேசுகின்றனவா, ஒன்றை எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டுவிட்டு, இருப்பதை வைத்து எப்படியாவது சரிசெய்யுங்கள் என்று சொல்லிவிட்டு நகர்கிறார். நல்லாசிரியர் ஒருவரை வேலையில் பார்ப்பதன் இன்பம் அது. ஹைடி க்ளம் தொகுத்து வழங்க, மைக்கேல் கோர்ஸ், நினா கார்சியா ஆகியோர் நடுவர்களாக அமர்ந்த ஆரம்பப் பருவங்களில் உடைத்துறையின் உள்ளுலகம் எப்படி இயங்குகிறது என்பதும் தெரியவருகிறது. நான்காம் பருவத்தில் வென்ற கிறிஸ்டியன் சிரியானோ பின்னாளில் பெரிய வடிவமைப்பாளராகி, 2016இல் ஜனநாயகக் கட்சி மாநாட்டில் மிஷேல் ஒபாமா அணிந்த நீல உடையை வடிவமைத்தார்; 2019இல் அதே நிகழ்ச்சிக்கு டிம் கன் இடத்தில் வழிகாட்டியாகத் திரும்பினார்.

ஆனால் வீட்டில் தைப்பவர் பார்வையில் அதற்கு ஒரு பெரிய தடை இருக்கிறது. கேமரா போட்டியாளர்களின் கையைவிட முகத்தையே அதிகம் பார்க்கிறது. யார் யாரைப் பற்றி என்ன சொன்னார்கள், யார் அழுதார்கள், யார் பொறாமைப்பட்டார்கள் என்பதற்குக் கொடுக்கும் நிமிடங்களில் பாதியைத் தையலுக்குக் கொடுத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். உடை மேடையில் நடந்து போகும் சில விநாடிகளில் அதன் உட்பக்கம் நமக்குத் தெரிவதே இல்லை; கடைசி நேரத்தில் பசை போட்டு ஒட்டியதா, ஒழுங்காகத் தைத்ததா என்று தூரத்திலிருந்து சொல்ல முடியாது. வடிவமைப்பாளராக வேண்டும் என்ற கனவுள்ள பிள்ளைகள் வீட்டில் இருந்தால் இதைப் பார்க்கச் சொல்லலாம். சுடிதார் தைக்கக் கற்றுக்கொண்டிருக்கும் ஒருவருக்கு இதை முதலில் பரிந்துரைக்க மாட்டேன்.

2020இல் வந்த இரண்டையும் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. ‘மேக்கிங் தி கட்’ ஹைடி க்ளமும் டிம் கன்னும் பழைய நிகழ்ச்சியிலிருந்து விலகி அமேசானுக்காக எடுத்தது. பரிசு பத்து லட்சம் டாலர். முதல் பருவம் நியூயார்க், பாரிஸ், டோக்கியோ என்று ஊர் ஊராகச் சென்று எடுக்கப்பட்டது. அதில் போட்டியாளர்கள் துணியை வெட்டிக் குறிப்பெழுதி வைத்துவிட்டுப் போவார்கள். இரவில் தொழில்முறைத் தையற்காரர்கள் வந்து தைத்து வைப்பார்கள். காலையில் உடை தயாராக இருக்கும். ஆடைத் தொழில் உண்மையில் இப்படித்தான் நடக்கிறது என்பதால் அதைத் தவறென்று சொல்ல முடியாது. இருந்தாலும், தைத்தவரின் முகம் திரையில் வருவதே அரிதாக இருக்கும் ஒரு நிகழ்ச்சியைத் தையல் போட்டி என்று சொல்ல எனக்கு மனம் ஒப்பவில்லை. திருப்பூரிலோ சென்னையிலோ ஏற்றுமதி நிறுவனத்தில் மெஷின் முன்னால் எட்டு மணி நேரம் உட்காரும் உறவினரோ அண்டை வீட்டாரோ உள்ள எவருக்கும் இந்த இடைவெளி உறுத்தும்.

நெட்ஃப்ளிக்ஸின் ‘நெக்ஸ்ட் இன் ஃபேஷன்’ அதைவிட இதமானது. டான் ஃபிரான்ஸும் அலெக்சா சங்கும் நடத்திய முதல் பருவத்தில் பதினெட்டு வடிவமைப்பாளர்கள் தொடக்கச் சுற்றுகளில் இருவர் இருவராகச் சேர்ந்து வேலை செய்தார்கள். கொரியாவின் மின்ஜு கிம் இரண்டரை லட்சம் டாலர் பரிசை வென்றார். இணையராக வேலை செய்யும்போது ஒருவர் வெட்டுவதும் இன்னொருவர் தைப்பதுமாக உழைப்பு பங்கிடப்படுவதைப் பார்ப்பது சுவையானது. ஒருவருக்கொருவர் காட்டும் பரிவில் ‘சோயிங் பீ’யின் சாயலும் உண்டு. இரண்டு பருவங்களோடு முடிந்துவிடுவதால், நீண்ட தொடருக்குள் இறங்கத் தயங்குபவர்கள் இதை ஒரு வார இறுதியில் பார்த்துவிடலாம்.

ஐரோப்பியத் தழுவல்களில் பிரான்சின் ‘கூசு மேன்’ 2014இலும், ஜெர்மனியில் வடிவமைப்பாளர் கீடோ மரியா கிரெட்ஷ்மர் நடுவராக அமர்ந்த நிகழ்ச்சி 2015இலும், ஸ்பெயினின் ‘மாயெஸ்த்ரோஸ் தெ லா கொஸ்துரா’ 2018இலும் தொடங்கின. மொழி தெரியாவிட்டாலும் தையல் புரியும் என்பார்கள். அது பாதி உண்மைதான். மெஷின் முன்னால் நடப்பது புரியும், நடுவர் சொல்லும் காரணம் புரியாது. இந்த நிகழ்ச்சிகளின் பயன் பெரும்பகுதி அந்தக் காரணங்களில் இருப்பதால், அந்தந்த மொழி தெரிந்தவர்களுக்கோ நல்ல வசனவரிகள் கிடைப்பவர்களுக்கோ மட்டுமே இவற்றைச் சொல்வேன். ஸ்பானிய நிகழ்ச்சி, அந்நாட்டின் ‘மாஸ்டர்செஃப்’ தயாரிப்பாளர்களின் கையில் உருவானது. அதனால் குழுக்களாகப் பிரிந்து வெளியிடங்களில் பெரிய பணிகளைச் செய்யும் பகுதிகள் அதில் உண்டு. கூட்டுவேலையாகத் தையலைப் பார்க்க விரும்புபவர்களுக்கு அது பிடிக்கும்.

ஆக, தையல் பழகுபவர், தைப்பதையே மனமகிழ்வாகக் கொண்டவர், தைக்கத் தெரியாவிட்டாலும் கைவேலையைக் கூர்ந்து பார்ப்பதில் இன்பம் காண்பவர் ஆகிய மூவருக்கும் நான் சொல்வது ‘சோயிங் பீ’யைத்தான். அதிலும் எந்தத் தொடரிலிருந்து தொடங்குவது என்று கேட்டால், 2013ஆம் ஆண்டின் முதல் தொடர் என்பேன். நான்கே பகுதிகள், அதில் கேட்பவை பெரும்பாலும் வீட்டில் நாமும் தைத்துப் பார்க்கக்கூடிய பாவாடை, சட்டை போன்றவை, உடைகளின் வரலாறு பற்றிச் சொல்லும் சிறு பகுதிகள் இடையிடையே வரும். அதன் தொகுப்பாளர் கிளாடியா விங்கிள்மேன் போட்டியாளர்களிடம் தைக்கத் தெரியாதவரின் ஆர்வத்தோடு கேட்கும் கேள்விகள், புதியவர்களுக்கு எழும் அதே கேள்விகளாக இருக்கும். அதற்கடுத்து எஸ்மி யங்கும் பேட்ரிக் கிராண்டும் ஒன்றாக நன்கு பழகிவிட்ட 2019, 2020ஆம் ஆண்டுத் தொடர்களுக்கு வரலாம். பத்து வாரங்கள் ஓடும் பிந்தைய தொடர்களில் போட்டியாளர்களின் தரம் மிக உயர்ந்துவிட்டது; அவற்றை முதலிலேயே பார்த்தால், வீட்டில் தைப்பவர்கள் இப்படியெல்லாமா தைப்பார்கள் என்று புதியவர் மலைத்துப்போய் மெஷினுக்கு உறை போட்டு மூடிவிட வாய்ப்புண்டு.

பார்க்கும் முறை பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். முதல் பணி தொடங்கி, துணிகளைத் தேர்ந்தெடுத்தவுடன் சற்றே நிறுத்திவிட்டு, யாருடைய துணி தொல்லை கொடுக்கும் என்று நீங்களே கணித்துப் பாருங்கள். உடைகள் பொம்மைகளில் மாட்டப்பட்டு வரிசையாக நிற்கும்போது மீண்டும் நிறுத்தி, தோள், கழுத்து, ஜிப், கீழ்விளிம்பு என்ற ஒழுங்கில் ஒவ்வோர் உடையையும் மேலிருந்து கீழாகப் பார்த்து உங்கள் வரிசையை முடிவுசெய்துவிட்டு, அதன் பிறகு நடுவர்கள் சொல்வதைக் கேளுங்கள். முதல் இரண்டு மூன்று வாரங்களில் உங்கள் வரிசையும் அவர்களுடைய வரிசையும் வெகுவாக மாறுபடும், ஏனெனில் பழகாத கண் முதலில் நிறத்தையும் அலங்காரத்தையும் பார்க்கும். தொடரின் பாதியைத் தாண்டும்போது இரண்டும் நெருங்கத் தொடங்கும். அந்தக் கட்டத்தில் உங்கள் அலமாரியைத் திறந்து, கடையில் வாங்கிய ஒரு குர்தியை உள்வெளியாகத் திருப்பி, கைக்குழியின் தையலையும் பிரியாமலிருக்க ஓவர்லாக் தையல் விட்ட ஓரத்தையும் அதே ஒழுங்கில் பார்த்தால், அடுத்து நீங்கள் தைக்கப் போகும் உடையில் எதைச் சரியாகச் செய்ய வேண்டும் என்பது பட்டியலாகவே கிடைத்துவிடும்.